'நம்ம ஆள்' யார்? மானேஜருக்கே தெரியாத சங்கதி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை. கடைக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும். இரண்டு பேர் வருகிறார்கள். இருவரும் ஒரே படிப்பு. இருவருமே கணக்கில் புலி. ஒருவன் முதலாளியின் தெருப் பையன். மற்றவன் எங்கோ ஊர்க்கோடியில் இருந்து வந்தவன்.

முதலாளி யாரை எடுப்பார்?

தெருப் பையனைத்தான். "தெரிந்த பையன். நம்ம ஆள். நம்பிச் சாவியைக் கொடுக்கலாம்" என்பார்.

இப்படி ஒரு முதலாளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் கெட்டவர் அல்ல. தான தருமம் செய்பவர். "எனக்கு வித்தியாசமே கிடையாது" என்று ஆண்டாள் சந்நிதியில் சத்தியம் பண்ணுவார். அது பொய்ச் சத்தியமும் அல்ல. அவர் நெஞ்சு அறிந்தவரை அதுதான் உண்மை. ஆனால், அவர் நெஞ்சுக்கே தெரியாமல் உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆளைப் பொறுக்கியது அதுதான். மனம் அறியாத ஓரவஞ்சனை!

மேஸ்திரி ராஜ்யம்

ராஜபாளையம், மில் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பிறகு பல நூற்பாலைகள் வந்தன. பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியில் தறிகள் ஓடுகின்றன. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டும் துணி அங்கே நெய்யப்படுகிறது. இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது நூலினால்தான். ஆகவே, மில்லில் யாருக்கு வேலை, யாருக்குப் பதவி உயர்வு என்பது சின்ன விஷயம் அல்ல.

முன்பெல்லாம் இந்தியாவில் மில்லுக்கு ஆள் எடுத்தவர் முதலாளி அல்ல. மேஸ்திரி! பம்பாய்ப் பக்கம் அவருக்கு 'ஜாபர்' என்று பெயர். தம் ஊர்க்காரர், தம் உறவினர், தமக்கு வேண்டியவர் என்று அழைத்து வருவார். கமிஷனும் வாங்குவார். பிரிட்டிஷ் சர்க்கார் 1929-ல் தொழிலாளர் நிலையை ஆராய ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. விட்லி என்பவர் அதன் தலைவர். "ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடம் விடக்கூடாது, அதற்கென்று அதிகாரி வேண்டும்" என்று 1931-ல் அந்தக் கமிஷன் சொல்லியது.

மேஸ்திரியின் அதிகாரம் மெல்லக் குறைந்தது. கமிஷன் வாங்கினால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். மனத்தில் இருப்பதை எப்படிப் பிடிப்பது?

பிடித்தார்கள்!

சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு வேலை செய்தார்கள். பத்திரிகையில் "ஆள் தேவை" என்று விளம்பரம் செய்த தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பு ஒன்று. தகுதி ஒன்று. பெயர் மட்டும் வேறு வேறு. ஒன்றில் மேல்சாதி இந்துப் பெயர். இன்னொன்றில் தலித் பெயர். மற்றொன்றில் முஸ்லிம் பெயர்.

முடிவு 2007-ல் வெளிவந்தது. மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்று பங்கு என்றால், தலித் பெயருக்கு இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு ஒரே பங்கு!

அந்த ஆட்கள் யாரையும் எந்த மானேஜரும் நேரில் பார்க்கவில்லை. பெயரை மட்டுமே பார்த்தார்கள். "தகுதியைத்தான் பார்க்கிறோம்" என்று சொன்னவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அப்படிச் சொல்லாத மானேஜர் உலகத்தில் உண்டா?

குதிரை ஏறிய சப்-கலெக்டர்

பெரிய பெரிய தலைவர்களையும் இது விடவில்லை. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாண முதல்-மந்திரியாக இருந்த காலம். 1951-ல் அன்னா ராஜம் என்ற பெண் ஐ.ஏ.எஸ். தேர்வில் வென்றார். பெண்களில் அவர்தான் முதல். நேர்முகத் தேர்வு நடத்திய பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இது பெண்ணுக்கு ஏற்றதல்ல. வெளிநாட்டுத் தூதர் வேலைக்குப் போ" என்றார்கள். அவர் அசையவில்லை. சென்னை மாகாணத்தையே கேட்டு வாங்கினார். கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்று ஒரு நிபந்தனையும் அப்போது இருந்தது. ஆணுக்கு அது கிடையாது!

1952-ல் ராஜாஜி முதல்-மந்திரி ஆனார். அறிவாளி, நேர்மையாளர். அவரே தயங்கினார். "ஒரு பெண் ஜில்லாவில் போய்ச் சட்டம் ஒழுங்கைப் பார்ப்பதா? செக்ரடேரியட்டில் வேலை தரலாம்" என்று நினைத்தார். அன்னா ராஜம் வாதாடினார். குதிரை ஏற்றம், துப்பாக்கி சுடுதல் எல்லாம் ஆண்களோடு சமமாகப் பழகியவர் அவர். கடைசியில் ஓசூர் சப்-கலெக்டர் ஆனார். பிற்பாடு, பெண்கள் முன்னேற்றத்துக்கு அவரையே உதாரணம் காட்டிப் பேசினார் ராஜாஜி.

பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒரே பெண் ஆண்டாள். அவள் ஊரில், அவள் பாட்டுக்கு ஆண்கள் ஆயிரம் ஆண்டுகளாகக் கைகூப்புகிறார்கள். ஆனால் அதே கைகள் மில்லிலோ ஆபீசிலோ சூபர்வைசரைத் தேர்ந்தெடுக்கும்போது, பெண் பெயர் நினைவுக்கே வருவதில்லை. "குடும்பம் குழந்தை என்று லீவு போடுவாள்" என்று அவளைக் கேட்காமலே முடிவு கட்டுகிறார்கள்.

சட்டத்துக்குள்ளும் இப்படி ஒரு கருணை இருந்தது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இரவில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்றது. நல்ல எண்ணம்தான். பெண் பலவீனமானவள் என்ற நினைப்பும் அதில் கலந்திருந்தது. இரவு ஷிப்ட் இல்லை என்பதால் வேலையே கிடைக்காமல் போன பெண்கள் உண்டு. சென்னை ஐகோர்ட் 2000-ம் ஆண்டு டிசம்பரில் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்புக் கூறியது. போக வர வண்டி, பாதுகாப்பு எல்லாம் தரவேண்டும் என்றும் சொல்லியது.

மருந்து உண்டா?

செகந்திராபாத்தில் பிறந்த மஹ்சரின் பானாஜி என்ற பெண் அறிஞர், அமெரிக்காவில் வேறு இரண்டு அறிஞர்களோடு சேர்ந்து 1998-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். திரையில் சொற்கள் வரும். யோசிக்க நேரம் இல்லாமல் பட்டனைத் தட்டவேண்டும். 'ஆண் - உத்தியோகம்' என்று சேர்க்கும்போது பலருடைய கை வேகமாக ஓடும். 'பெண் - உத்தியோகம்' என்றால் கொஞ்சம் தடுமாறும். பெண்களின் கையும் தடுமாறும்!

அமெரிக்காவில் பெரிய வாத்தியக் குழுக்கள் வேறொரு வழி கண்டன. வாசிப்பவருக்கு முன்னால் திரை கட்டிவிட்டார்கள். காதுக்கு மட்டும்தான் வேலை. மில்லுக்கும் ஆபீசுக்கும் இது ஆகாதா? விண்ணப்பத்தில் பெயரை மறைத்துவிட்டுப் படிக்கலாம். வந்தவர் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம். மார்க்கை உடனே எழுதிவிட வேண்டும். பேசிக் கலந்த பிறகு எழுதினால், பெரிய மானேஜரின் 'நம்ம ஆள்' எல்லோருக்கும் 'நம்ம ஆள்' ஆகிவிடுவான்.

மேற்கு வங்காளக் கிராமங்களிலும் ஒரு சோதனை நடந்தது. ஒரு தலைவரின் பேச்சைப் பதிவு செய்தார்கள். சில இடங்களில் ஆண் குரல், சில இடங்களில் பெண் குரல். பேச்சில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில், பெண் குரலுக்கு ஆண்கள் மார்க்கைக் குறைத்தார்கள். இடஒதுக்கீட்டினால் பஞ்சாயத்தில் பெண் தலைவரைப் பார்த்துப் பழகிய ஊர்களில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 2009-ல் இந்த முடிவு வெளிவந்தது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது. 2022 பிப்ரவரியில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சித் தேர்தல்கள் அந்தச் சட்டப்படிதான் நடந்தன.