டர்போ கார் எங்கே மூச்சு திணறுகிறது?

1995 அக்டோபரில் ஸ்பெயினின் கத்தலோனியா ராலியின்போது, டொயோட்டாவின் செலிகா ஜிடி-ஃபோர் கார்களில் இருந்த டர்போவைச் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். டர்போவுக்குள் காற்று போகும் வாய் 34 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கழற்றி மேசையில் வைத்து அளந்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சூட்சுமம் மாட்டும் விதத்தில் இருந்தது. காற்றுக் குழாயைச் செருகி கிளிப்பை முறுக்கும்போது, உள்ளிருந்த வளையம் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்து பக்கவாட்டில் ஒரு கள்ளச்சந்து திறந்துகொண்டது. குழாயைக் கழற்றினால் வளையம் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடும். அந்தச் சந்து வழியாக 25 சதவீதம் வரை கூடுதல் காற்று போயிருக்கலாம், இன்ஜினுக்கு 50 குதிரைத்திறன் அளவுக்குக் கூடுதல் பலம் கிடைத்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கூட்டமைப்பின் அன்றைய தலைவர் மாக்ஸ் மோஸ்லியே, 30 ஆண்டுகளில் இப்படியொரு நுட்பமான வேலையைப் பார்த்ததில்லை என்ற பொருளில் பேசினார். டொயோட்டா அணியின் அந்த ஆண்டுப் புள்ளிகள் பறிபோயின. 1996-ல் போட்டியிடவும் தடை விழுந்தது.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு சிவப்பு நிற ஏர் ஃபில்டரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பவரின் கனவும் இதுதான்: அதிகக் காற்று, அதிக பலம். அந்தக் கனவில் தவறில்லை. ஆனால் செலிகாவுக்கு விதியே 34 மில்லிமீட்டரில் ஒரு தொண்டையை உண்டாக்கிக் கொடுத்திருந்தது. அதை அகலப்படுத்தினால் பலன் வந்தே தீரும். வீட்டு வாசலில் நிற்கும் டர்போ காரின் தொண்டை ஃபில்டரில்தான் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில், ஒரு கார் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது? ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்கிட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கு மேல் காற்று. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் தயாராகி 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூ டர்போவின் இன்ஜின் ஒரு லிட்டர்கூட இல்லை, 998 சிசிதான். ஆனால் அதன் முழு 120 குதிரைத்திறனையும் கறக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய 80 லிட்டர் காற்றை இழுத்தாக வேண்டும். வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேனில் நான்கு, ஒவ்வொரு நொடியும்!

இவ்வளவு சின்ன இன்ஜினுக்குள் அவ்வளவு காற்றைத் திணிப்பது டர்போவின் வேலை. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே காப்புரிமை கேட்டிருந்தார். இன்றைய சின்ன கார்களின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகள் வரை போகும். அந்தச் சக்கரத்தின் அலுமினிய இதழ்களுக்கும் தெருப் புழுதிக்கும் நடுவே நிற்கும் ஒரே காவல் ஏர் ஃபில்டர்.

டர்போ இல்லாத காரில் ஃபில்டர் கொஞ்சம் அடைத்தாலும் அந்த நஷ்டம் நேராக இன்ஜின் தலையில் விழும். டர்போ காரில் நடுவே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார்: இசியூ என்ற கணினி. இன்ஜினுக்குள் இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அதற்கு ஓர் இலக்கு உண்டு. ஃபில்டர் சற்று அடைத்திருந்தால் அது வேஸ்ட்கேட் என்னும் மடையைக் கொஞ்சம் மூடி, டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவிட்டு இலக்கை எட்டிவிடும். ஃபில்டரைத் தாராளமாக்கினால் அதே கணினி மடையைத் திறந்து, டர்போவைச் சற்று நிதானமாக ஓடவிட்டு, பழைய இலக்கிலேயே நிற்கும். கிடைத்த தாராளத்தைக் கணக்குப்பிள்ளை பலமாக நமக்குத் தருவதில்லை. டர்போவுக்கு ஓய்வாகக் கொடுத்துவிடுகிறார். டர்போ ஒரு கண்ணிமைப்பு முன்னதாக விழித்துக்கொள்ளலாம், கடைசி ஆயிரம் ஆர்பிஎம்மில் சிறிது மூச்சு கூடலாம். ஊட்டி போன்ற உயரத்தில், காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்ட இடத்தில், அந்த உதவி இன்னும் சற்றுத் தெரியலாம். அவ்வளவுதான்.

இதைக் கட்டடம் கட்டும் மேஸ்திரியின் கருவியாலேயே அளக்கலாம். மட்டம் பார்க்க அவர் வைத்திருக்கிற தண்ணீர் டியூப் போன்ற ஒன்றை வளைத்துப் பிடித்து, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் இணைத்து, மறுமுனையைத் திறந்துவிட்டால், முழு வேகத்தில் உறிஞ்சும்போது இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலத்தின் அழுத்தம் பத்து மீட்டர் தண்ணீருக்குச் சமம். ஆக, இன்ஜின் இழக்கும் காற்றழுத்தம் வெறும் இரண்டரை சதவீதம். அதிலும் ஃபில்டரின் பங்கு ஒரு பகுதிதான். முகப்புக் குழாய், பெட்டி, வளைவுகள் எல்லாம் மீதிப் பங்குக்காரர்கள். விலை உயர்ந்த ஃபில்டர் இதை 15 சென்டிமீட்டராகக் குறைத்தாலும் மிச்சம் ஒரு சதவீதம்.

அப்படியானால் மாட்டியவர்கள் “வண்டி பறக்குது” என்று சொல்வது பொய்யா? பொய்யில்லை, காது செய்யும் வேலை. கம்பெனி பெட்டிக்குள் சத்தத்தை அடக்குவதற்கென்றே அறைகள் வைத்திருப்பார்கள். பெட்டியைத் தூக்கிவிட்டுக் கூம்பு வடிவ கோன் ஃபில்டரைத் திறந்தவெளியில் மாட்டினால் டர்போவின் ஊளையும், காலை எடுத்ததும் வரும் “ப்ஷ்ஷ்” பெருமூச்சும் கேபினுக்குள் கேட்கின்றன. சத்தம் ஏறினால் வேகமும் ஏறியதாக மனம் நம்பிவிடுகிறது. அந்தச் சத்தத்துக்காகச் சில ஆயிரம் ரூபாய் கொடுப்பது அவரவர் ரசனை. குதிரைத்திறன் கணக்கில் அதைச் சேர்க்காமல் இருந்தால் சரி.

கோன் ஃபில்டர் விஷயத்தில் ரசனையைத் தாண்டிய சிக்கல் வெப்பம். கம்பெனி குழாய் கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. மே மாதத்தில் அது 38 டிகிரி என்றால், சிக்னலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் 60 டிகிரி இருப்பது சர்வசாதாரணம். அந்த 22 டிகிரி வித்தியாசத்திலேயே காற்றின் அடர்த்தி ஆறு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஒன்றைச் சம்பாதிக்கப் போய் ஆறைத் தொலைக்கிற வியாபாரம் இது. டர்போ அதே காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போது வெப்பமும் பெருகுகிறது: 38 டிகிரியில் நுழைந்தது ஏறக்குறைய 135 டிகிரியில் வெளிவரும் என்றால், 60 டிகிரியில் நுழைந்தது 160-ஐத் தாண்டும். இன்டர்கூலர் அதில் பெரும்பகுதியைத் தணித்துவிடும்தான். ஆனாலும் சூடு மிஞ்சினால் இன்ஜின் தட்டாமல் இருக்க இசியூ தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போடும், இழுவை குறையும். வெயில் காலத்து நெரிசலில் வண்டி முன்பைவிட மந்தமாகத் தோன்றினால் இதுவே காரணமாக இருக்கலாம். அதனால் கோன் மாட்டியே தீருவேன் என்பவர், வெப்பத்தைத் தடுக்கும் தடுப்புப் பெட்டி இல்லாத கிட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

பெட்டியை மாற்றாமல், உள்ளிருக்கும் காகிதத்துக்குப் பதில் அதே அளவில் வரும் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைப் போடுவது இரண்டாவது வழி. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் மோட்டார் சைக்கிள் வியாபாரத்தில் இருந்த கென், நார்ம் என்ற இருவரின் பெயர்களிலிருந்து பிறந்த கே அண்ட் என் நிறுவனம்தான் இந்த வகையை உலகெங்கும் பிரபலமாக்கியது. யோசனை நமக்குப் புதிதல்ல. பழைய டிராக்டர்களின் மூக்கில் எண்ணெய்க் கிண்ணத்தோடு இருக்கும் ஏர் கிளீனரை நம் விவசாயிகள் பல தலைமுறையாகக் கழுவி வருகிறார்கள். எண்ணெயில் புழுதி ஒட்டிக்கொள்ளும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

நல்ல காகித ஃபில்டர் 99 சதவீதத்துக்கு மேல் புழுதியைப் பிடிக்கிறது. எண்ணெய்ப் பருத்தி பொதுவாக அதைவிட ஒன்றிரண்டு சதவீதம் குறைவாகவே பிடிக்கும். ‘ஒன்றிரண்டுதானே’ என்று கடந்துவிட முடியாது. 99 சதவீதம் பிடித்தால் நூறில் ஒரு பங்கு உள்ளே போகும். 97 என்றால் மூன்று பங்கு, அதாவது மும்மடங்கு புழுதி. ஐரோப்பிய நெடுஞ்சாலையில் இது பெரிய சேதி இல்லை. செம்மண் புழுதி பறக்கும் சாலையில், கல்குவாரி லாரிக்குப் பின்னால் போகும் காரில், டர்போ இதழ்களின் விளிம்பும் பிஸ்டன் வளையங்களும் அதற்கு விலை கொடுக்கின்றன.

மைலேஜ் கூடும் என்ற வாக்குறுதியையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் பெட்ரோல் கார்களின் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. வேகம் எடுக்கும் நேரத்தில்தான் 6 முதல் 11 சதவீதம் வரை அடி விழுந்தது. அடைத்த ஃபில்டருக்கே மைலேஜ் இறங்கவில்லை என்றால், சுத்தமான ஃபில்டருக்குப் பதில் இன்னொரு சுத்தமான ஃபில்டரைப் போட்டு மைலேஜை ஏற்றுவது எப்படி?

உண்மையாகவே பலன் தரும் நேரமும் உண்டு. இசியூவின் மென்பொருளையே மாற்றி எழுதும் ரீமேப் செய்த கார்களில் கணக்குப்பிள்ளையின் இலக்கே உயர்ந்துவிடுகிறது. குழாயில் ஓடும் காற்று 20 சதவீதம் கூடினால் தடை 44 சதவீதம் கூடும், வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் கணக்கு அது. அதுவரை போதுமாக இருந்த ஃபில்டர் அப்போது தொண்டையாக மாறத் தொடங்குகிறது. ஆக வரிசை முக்கியம்: ரீமேப்புக்குப் பின் ஃபில்டர் என்றால் அர்த்தம் உண்டு, ஃபில்டர் மட்டும் என்றால் சத்தம் மட்டும்தான்.

இனி மாட்டுவதைப் பற்றி. பெட்டியின் கிளிப்புகளையோ திருகுகளையோ கழற்றி மாற்றுவது கால் மணி நேர வேலை. ஆபத்தெல்லாம் கவனக்குறைவில் இருக்கிறது. ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் மடங்கி உட்கார்ந்தால் ஃபில்டரே இல்லாதது போலத்தான். மாட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்குப் பின்பக்கச் சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் மண் ஒட்டினால் அன்றைக்கே பழைய ஃபில்டருக்குத் திரும்பிவிடுவது உத்தமம். டர்போவுக்குப் போகும் குழாயின் உள்ளே லேசான எண்ணெய்ப் பசை தெரிந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது இன்ஜின் ஆவி வரும் குழாய் வழியாகப் படிவது.

பருத்தி ஃபில்டரைக் கழுவிய பின் நிழலில் தானாகக் காயவிட வேண்டும். ஏர் கம்ப்ரஸரை வைத்து ஊதினால் இழைகள் விலகி ஓட்டை விழும். எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவதும் கூடாது. காற்றின் அளவைச் சொல்லும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் அந்த எண்ணெய் படிந்தால் கணக்கு தப்பும், டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும். சின்ன டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்த சென்சாருக்குப் பதில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே இருக்கிறது. டீசல் கார்க்காரர்கள்தான் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஃபில்டரைப் பம்பருக்குக் கீழே இறக்கும் கிட்டுகளும் விற்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023-ன் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில் இதை மாட்டுவது வினையை விலைக்கு வாங்குவது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் அதை அமுக்க முடியாது. பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே பெட்டிக்குள் ஃபில்டரை மட்டும் மாற்றுவது ஆர்.சி. விவரம் எதையும் தொடுவதில்லை. வாரண்டியின் கதை வேறு. டர்போவில் கோளாறு என்று வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போனால், பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சிவப்பு ஃபில்டராகத்தான் இருக்கும். ஆகவே மாற்றுவதற்கு முன் சர்வீஸ் மேனேஜரிடம் எழுத்தில் ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய கம்பெனி ஃபில்டரையும் அதன் பெட்டி, திருகுகளையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். காரை விற்கும் அன்று கேட்பார்கள்.