குற்றத்தை முன்னளக்கும் எந்திரம்: ‘சைக்கோ-பாஸ்’ அனிமே தொடரின் நிறைகளும் குறைகளும்

ஆய்வுச் சுருக்கம்

செய்யாத குற்றத்திற்கும் ஒருவரைத் தண்டிக்கலாம் எனக் கருதும் எதிர்காலச் சமூகத்தைச் சித்திரிப்பது ‘சைக்கோ-பாஸ்’ என்னும் ஜப்பானிய அனிமே தொடர். அதன் நிறைகுறைகளை, பழைய மதுரை மாவட்டத்தில் நடைமுறையில் இருந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பின்னணியில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, கேடுலகு, அனிமே, கண்காணிப்பு, கைரேகைச் சட்டம், திண்டுக்கல்.

முன்னுரை

கேடுலகப் புனைவு தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர்த் தொலைக்காட்சித் தொடராகவும் ஆக்கப்பட்டது. இன்றைய மாணவர்களோ இவ்வகைமையைப் பெரிதும் அனிமே வழியாகவே அறிமுகம் செய்துகொள்கின்றனர். அவ்வகையில் குறிப்பிடத்தக்கது ‘சைக்கோ-பாஸ்’. புரொடக்‌ஷன் ஐ.ஜி நிறுவனம் தயாரித்து, நவோயோஷி ஷியோதானி இயக்கி, கென் உரோபுச்சி எழுதிய இதன் முதற்பருவம் 2012 அக்டோபர் முதல் 2013 மார்ச் வரை 22 பகுதிகளாக ஒளிபரப்பானது. இக்கட்டுரை முதற்பருவத்தை முதன்மையாகவும், 2014இல் வந்த இரண்டாம் பருவத்தைத் துணையாகவும் கொள்கிறது.

1. கதையமைப்பு

கதை 2112ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ‘சிபில்’ என்னும் அமைப்பு ஒவ்வொருவரின் மனநிலையையும் அளந்து எண்ணாக்குகிறது. அவற்றுள் குற்றநாட்டத்தைக் காட்டும் எண் ‘குற்றக் கெழு’ எனப்படும். காவலரின் ‘டாமினேட்டர்’ துப்பாக்கி, எதிரிலிருப்பவரின் கெழு 100ஐ எட்டாதவரை இயங்காது. 100 முதல் 299 வரை மயக்கமுறச் செய்யும். 300ஐ எட்டினால் கொல்லும். வரம்பு கடந்தவர் எக்குற்றமும் செய்திராவிடினும் ‘உள்ளுறை குற்றவாளி’ ஆகிறார். புதிதாகப் பணியில் சேரும் ஆய்வாளர் அகானே சுனெமோரியின் பார்வையில் இவ்வுலகம் விரிகிறது.

2. நிறைகள்

2.1 தொடரின் முதன்மையான நிறை, கருத்தை விளக்கவுரையாகச் சொல்லாமல் நிகழ்ச்சியாக்குவது. முதற்பகுதியில் கடத்தப்பட்டுக் கொடுமைக்குள்ளான பெண்ணொருத்தியின் கெழு அவ்வதிர்ச்சியினாலேயே உயர்ந்துவிட, அவளைக் காக்கவந்த துப்பாக்கி அவளையே கொல்ல முற்படுகிறது. கருவி பழுதடையவில்லை, விதிப்படியே இயங்குகிறது. துன்புற்றவரையும் துன்புறுத்தியவரையும் ஒரே எண்ணால் அளக்கும் முறையின் கோளாறு, ஒரு காட்சியிலேயே புலப்பட்டுவிடுகிறது.

2.2 பதினொன்றாம் பகுதி இதன் மறுதலை. மாகிஷிமா என்பவன் அகானேயின் தோழியை அவள் கண்முன்னே கொல்கிறான். அவன் மனம் சலனமுறாமையால் கெழு உயரவில்லை, துப்பாக்கியும் சுடவில்லை. அளவிட இயலாத இத்தகையோரின் மூளைகளே ஒன்றிணைந்து சிபிலாக இயங்குகின்றன என்பது பின்னர்த் தெரியவருகிறது. அளப்பவர் அளவுக்கு அப்பாற்பட்டவர் என்னும் இவ்வெளிப்பாடு, அதிகாரம் குறித்த கூர்மையான விமர்சனமாகும்.

2.3 மூன்றாவது நிறை வேளாண்மை பற்றியது. அந்நாடு ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றிய ஒரே தானியத்தை நம்பி வாழ்கிறது. மாகிஷிமாவின் இறுதித் திட்டம் அப்பயிரை நோயால் அழிப்பது. திண்டுக்கல் வட்டார வாசகர்க்கு இது வெறும் கற்பனையாகத் தோன்றாது. நகருக்கு அருகிலுள்ள சிறுமலையில் செழித்திருந்த மலைவாழை, 1970களில் அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நச்சுயிரி நோயால் பெரும்பரப்பில் அழிந்தது. ஒற்றைப் பயிரின்மீது வாழ்வை நிறுத்துவதன் இடரைத் தொடர் சரியாகவே இனங்கண்டுள்ளது.

3. குறைகள்

3.1 உரையாடல்களில் மேலைநாட்டு நூற்பெயர்களும் மேற்கோள்களும் மிகுதி. மாந்தர் பலவிடங்களில் தம் இயல்பில் பேசாது நூலகத்தின் குரலில் பேசுகின்றனர். பள்ளி மாணவியரின் உடல்களைச் சிற்பமாக்கும் கொலைகாரியின் பகுதியில், வன்முறை விமர்சிக்கப்படுவதைவிடக் காட்சிப்பொருளாகவே எஞ்சுகிறது.

3.2 இவற்றினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. இவ்வுலகில் கெழு தனிமனிதரின் மனத்தை மட்டுமே அளக்கிறது. யார் எக்குலத்தில், எச்சேரியில், எத்தொழிலில் பிறந்தார் என்பது கணக்கில் வருவதில்லை. வரலாற்றில் முன்கூட்டிய குற்றக் கணிப்பு இவ்வாறு தொடங்கவில்லை. 1871இல் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. ஒரு சமூகத்தை முழுமையாகக் குற்றவழிப்பட்டது என அறிவிக்கவும், அதன் உறுப்பினரைப் பதிவுசெய்து கைரேகை பெறவும், அவர்தம் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் அது அதிகாரம் தந்தது. மக்கள் வழக்கில் அது ‘கைரேகைச் சட்டம்’ எனப்பட்டது. மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் இதற்கு உட்படுத்தப்பட்டனர். பதிவுபெற்றோர் இரவில் காவல்நிலையத்தில் முன்னிலைப்பட வேண்டியிருந்தது. வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், கைரேகைப் பதிவை எதிர்த்தோர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

திண்டுக்கல் 1985இல் தனி மாவட்டமாகும்வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இயங்கிவரும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், இவ்வரலாற்றின் தொடர்ச்சியை இன்றும் காட்டி நிற்கின்றன.

3.3 இவ்வரலாற்றோடு ஒப்பிடுகையில் தொடரின் வரிசை தலைகீழானது. சென்னை மாகாணத்தில் முதலில் சமூகம் முழுவதும் குற்றமுடையதாகக் கருதப்பட்டது. 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்ட பின்னரே, 1948ஆம் ஆண்டின் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் தனிமனிதரை நோக்கித் திரும்பியது. தொடரிலோ தனிமனித அளவீடு முதலில் வருகிறது; குழுவைக் கூட்டாக அளக்கும் சிக்கல் இரண்டாம் பருவத்தில்தான் எழுகிறது. அங்கும் ‘குழு’ என்பது பல உடல்களின் உறுப்புகளால் ஆன ஒருவனையும், பல மூளைகளாலான சிபிலையுமே குறிக்கிறது. பிறப்பால் முத்திரை குத்தப்பட்ட மக்கள் அதில் இடம்பெறவில்லை. எனவே, அளவீடு சரியானதா என வினவும் தொடர், அளவுகோல் யாருடைய முன்முடிவுகளிலிருந்து உருவானது என வினவத் தவறுகிறது.

4. இன்றைய பொருத்தம்

இவ்வினா புனைவோடு முடிவதன்று. தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முக அடையாளம் காணும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. இத்தகைய மென்பொருள் முகத்தைச் சேமித்த பதிவுகளோடு ஒப்பிடுகிறதேயன்றி மனத்தை அளப்பதில்லை. ஆகவே இதனைச் சிபிலோடு சமப்படுத்துவது மிகைக்கூற்றாகும். ஆயினும் பதிவேட்டில் யாருடைய பெயர் முதலில் ஏறுகிறது என்னும் கேள்வி கைரேகைக் காலத்திற்கும் இக்காலத்திற்கும் பொதுவானது.

முடிவுரை

விதி பிறழாமல் இயங்கும் கருவியும் அநீதி இழைக்கக்கூடும் என உணர்த்துவது ‘சைக்கோ-பாஸ்’ தொடரின் வலிமை. அவ்வநீதி முதலில் யார்மீது விழும் எனக் காட்டாமை அதன் வலுவின்மை. வகுப்பறையில் இத்தொடரைக் கைரேகைச் சட்ட வரலாற்றோடு இணைத்துப் பயிற்றும்போது, ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்பும். எதிர்காலத்தில் நிகழக்கூடியது எனத் தொடர் அஞ்சும் ஒன்று, இவ்வட்டாரத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எந்திரமின்றி, மையும் பதிவேடும் கொண்டு நிகழ்த்தப்பட்டது என்பதை மாணவர் அதனால் உணர்வர்.