கூடியது செலவா, நுகர்வா?

தோட்டத்தில் ஒரு லயக் காம்பரா. இரண்டு பல்பு, ஒரு டீவி, கைப்பேசிக்குச் சார்ஜ், எப்போதாவது பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி. மாதம் முப்பது யூனிட் மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்ட்டுக்கு முன் இதற்கு வந்த பில் 105 ரூபா. அந்த மாதக் கட்டணத் திருத்தத்தோடு அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் 1,300. அதன்பின் கட்டணத்தைக் குறைத்தார்கள், கூட்டினார்கள், மறுபடியும் குறைத்தார்கள். ஆனால் அந்த ஆறேழு மாதத்தில் அந்தக் குடும்பத்தின் மின்சாரச் செலவு பன்னிரண்டு மடங்கானது. எரிந்த பல்பு அதே இரண்டுதான்.

குடும்பச் செலவைப் பற்றிய புள்ளிவிபரம் எதைப் படித்தாலும் இந்தப் பில்லை நினைவில் வைத்திருப்பது நல்லது. கையைவிட்டுப் போகும் காசு செலவு. வீட்டுக்குள் வந்து சேரும் பண்டமும் வசதியும் நுகர்வு. வளரும் நாடுகளில் குடும்பச் செலவு ஆண்டுக்காண்டு கூடுகிறது என்ற செய்தியைப் பார்த்ததும், மக்கள் கூடுதலாக உண்கிறார்கள், உடுக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறோம். சில இடங்களில் அது உண்மை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் கடந்த சில ஆண்டுகளில் நடந்தது பெரும்பாலும் வேறு.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் வருமானத்தையும் செலவையும் கேட்டு எழுதுகிறது. நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்குக் காட்டும். இருபது ஏக்கருக்குக் குறையாத நிலமும், குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேராவதும் இருந்தால்தான் அது தோட்டம். 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி ஒரு நகரக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 116,670 ரூபா, கிராமத்தில் 69,517, தோட்டத்தில் 46,865. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 14.3 பேர் என்றால், தோட்டங்களில் 33.8 பேர். இவ்வளவும் 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னோர் எண், சாப்பாட்டின் பங்கு. 1857இல் ஏர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளிவிபரவியலாளர் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை வைத்து ஒன்றைக் கண்டு சொன்னார்: குடும்பம் ஏழையாக இருக்க இருக்க, அதன் செலவில் சாப்பாட்டின் பங்கு கூடும். வருமானம் ஏறினால் சாப்பாட்டுச் செலவும் ஏறத்தான் செய்யும், ஆனால் மற்றச் செலவுகள் அதைவிட வேகமாக ஏறும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏறத்தாழ எல்லா நாட்டிலும் இது பொருந்தி வருகிறது. ஒரு வீட்டின் நிலையைச் சட்டென்று அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. மாதச் செலவில் எவ்வளவு வாய்க்குப் போகிறது என்று கேட்டால் போதும்.

இலங்கை முழுவதையும் எடுத்தால் 1990களின் நடுவில் சராசரிக் குடும்பச் செலவில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்குப் போனது. 2016இல் அது நூற்றுக்கு 35 அளவுக்கு இறங்கியது. மிச்சம் போக்குவரத்துக்கும் தொலைபேசிக்கும் டியூஷனுக்கும் வீடு கட்டவும் போனது. வளரும் நாட்டின் செலவுப் போக்கு என்று பாடநூல்கள் காட்டும் படம் இதுதான். தோட்டத் துறையில் மட்டும் அந்தப் பங்கு பாதியை ஒட்டியே நின்றது. நாடு 1990களில் இருந்த இடத்தில் தோட்டம் இருபது ஆண்டு கழித்து நின்றது என்று இதைப் படிக்கலாம்.

அந்தப் பாதிக்குள் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கோதுமை மா, அரிசி, பருப்பு, சீனி, தேங்காய், எண்ணெய், கொஞ்சம் கருவாடு அல்லது நெத்தலி. காலையில் ரொட்டியும் சம்பலும், பகலுக்கு அதே ரொட்டி, இரவில் சோறு. கையில் காசு கூடும்போது மனிதர் முதலில் மாப்பண்டத்தின் பங்கைக் குறைத்து மீன், முட்டை, பால், பழம் என்று நகர்வார்கள். மெரில் பென்னட் என்ற அமெரிக்கர் 1941இல் பல நாட்டு உணவுக் கணக்குகளை ஒப்பிட்டு எழுதியது இது. தோட்டத்தில் சம்பள வாரத்தையும் அதற்கு முந்திய வாரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பென்னட் நாடுகளுக்கிடையே கண்ட வித்தியாசம் ஒரே வீட்டில் ஒரே மாதத்துக்குள் தெரியும். சம்பளம் எடுத்ததும் வீட்டில் கோழி இறைச்சி. அடுத்த சம்பளம் நெருங்கும்போது வெறும் ரொட்டி.

மாவிலிருந்து மீன், முட்டைக்கு நகரும் இந்த ஓட்டத்தை 2022 பின்னோக்கித் திருப்பியது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9. கிலோ நூறு ரூபாவை ஒட்டி இருந்த கோதுமை மா முந்நூறைத் தாண்டியது. ரூபாவின் சரிவும் உக்ரெய்ன் போரும் கோதுமை இறக்குமதியில் ஒன்றாக விழுந்தன. நகரத்துக் குடும்பம் இறைச்சியை விட்டு பருப்புக்கு இறங்கலாம், பருப்பை விட்டு மாவுக்கு இறங்கலாம். ஏற்கெனவே மாவில் இருப்பவர் எங்கே இறங்குவது? இரண்டு ரொட்டி ஒன்றாகும், அவ்வளவுதான். தோட்டத்துக்கு இது முதல் தடவையும் அல்ல. 1973, 74இல் உலகச் சந்தை விலையேற்றத்தோடு அரிசி, மா பங்கீடு வெட்டப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. சாப்பாட்டுக்கே பாதியளவு செலவிடும் குடும்பத்துக்கு விலையேற்றம் பொருளாதாரச் செய்தியாக வருவதில்லை, அடுப்புக்குள் நேரே வருகிறது.

இனிச் சம்பளம். 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வெளியானது. அடிப்படை 900, வரவு செலவுப்படி 100. அதற்காகப் பல ஆண்டுகள் நடந்த போராட்டத்தை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 2024இல் 1,700 என்று மே தின மேடையில் அறிவித்தார்கள். பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் செப்டெம்பரில் 1,350இல் வந்து நின்றது. 350 ரூபா கூடியது, நூற்றுக்கு 35 வீதம். நல்ல உயர்வு போலத் தெரிகிறது. ஆனால் 2021இன் விலைகளை 100 என்று வைத்தால் 2024இல் கொழும்புச் சுட்டெண் 190ஐ ஒட்டி இருந்தது. 1,350ஐ 190ஆல் வகுத்து 100ஆல் பெருக்கிப் பாருங்கள். 710 ரூபா வரும். அதாவது 2024இன் நாட்சம்பளம் 2021இன் கடையில் 710 ரூபாவுக்கான சாமானைத்தான் வாங்கியிருக்கும். சம்பளச்சீட்டில் ஏறிய அதே காலத்தில் கூடையில் முந்நூறு ரூபாவுக்குக் கிட்டக் குறைந்துவிட்டது.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லவேண்டும். அந்தச் சுட்டெண்ணில் இருப்பது கொழும்புக் குடும்பத்தின் கூடை. அதில் சாப்பாட்டின் பங்கு குறைவு, வீட்டு வாடகையும் மற்றச் செலவுகளும் அதிகம். தோட்டக் குடும்பத்தின் கூடையை வைத்துச் சுட்டெண் கட்டினால், உணவு விலை முந்திக்கொண்டு ஓடிய மாதங்களில் இழப்பு இன்னும் பெரிதாகத் தெரியும் என்பது என் கருத்து.

நாட்சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது நாட்களை மறந்துவிடுகிறோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். மாதத்தில் இருபது பேர் விழுந்தால் 1,350 வீதம் 27,000 ரூபா. பதினான்கு பேர்தான் என்றால் 18,900. இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்ரகமுவவில் இந்த வித்தியாசத்தை மழை தீர்மானிக்கிறது. கேகாலையின் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கம் இறப்பர் அதிகம். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. நாட்டிலேயே மழை அதிகம் கொட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. தேயிலை மலையிலும் நிபந்தனை உண்டு: குறித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டதன் பலன் அடுத்த ஆண்டு தெரிந்தது. 2021இல் 29 கோடி 90 இலட்சம் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி 10 இலட்சம் அளவுக்கு விழுந்தது. விலை உச்சத்துக்குப் போன அதே ஆண்டில் பறிக்கக் கொழுந்தும் இல்லை.

பேர் போட்டுக் கிடைத்த சம்பளமும் முழுதாகக் கைக்கு வராது. சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, கோயிலுக்கு, மரணதானச் சங்கத்துக்கு, தீபாவளி முற்பணத்தின் தவணை என்று சீட்டில் வரிசையாகக் கழியும். தோட்டத்துக்குத் தோட்டம் பட்டியல் மாறும். இதில் தீபாவளி முற்பணத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஆடம்பரத்துக்கு வாங்கும் கடன் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில், ஆண்டில் ஒருமுறை மொத்தமாகப் பணம் கைக்கு வரும் ஒரே வழி பல குடும்பங்களுக்கு அதுதான். துணிமணி, பிள்ளைகளின் சப்பாத்து, ஒழுகும் தகரம், உடைந்த கதவு எல்லாம் அந்தப் பணத்துக்காகக் காத்திருக்கும். வட்டியில்லாமல் தவணையாகக் கழிவது இன்னொரு நன்மை. கடைக் கொப்பிக்கும் நுண்கடனுக்கும் அந்தக் குணம் கிடையாது.

கொப்பியில் எழுதி வாங்குவதற்கு வட்டி இல்லையே என்று தோன்றும். இருக்கிறது, பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. பற்றுக்கு வாங்குபவர் விலை பேச முடியாது, டவுனில் மலிவாகக் கிடைக்கும் கடைக்கு மாறவும் முடியாது. சின்னப் பைக்கட்டாக வாங்குவதிலும் இதே இழப்பு: பால்மா, மிளகாய்த்தூள் போன்றவற்றைச் சிறிய பைக்கட்டில் வாங்கும்போது கிராமுக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் அதிகம். ஏழைக்கு எல்லாமே விலை கூட என்பது வெறும் புலம்பல் அல்ல, கூட்டிப் பார்த்தால் வரும் கணக்கு.

இவ்வளவுக்கும் நடுவே தோட்டத்தில் புதுப் பொருட்களும் வந்திருக்கின்றன. லயத்துக்கு லயம் ஸ்மார்ட் போன், கூரையில் டிஷ், வாசலில் ஓர் ஆட்டோ, ரீலோட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை, பிள்ளைகளுக்கு டியூஷன். இதைக் காட்டி, வறுமையெல்லாம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பணம் எந்த வாசலால் வந்தது என்று பார்க்க வேண்டும். அவிசாவளைக்கு அருகே சீதாவக்கை ஏற்றுமதி வலயத்துத் தொழிற்சாலையில் மகள், கொழும்பில் கடையில் மகன், மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன தாய். இரத்தினபுரியில் என்றால் பக்கத்துக் கிராமத்துச் சிறு தேயிலைத் தோட்டத்தில் நாளுக்கு நாள் கைக்காசு, அல்லது மாணிக்கக் குழியில் கூலி. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பெயர் உள்ளவரின் சம்பளம் வயிற்றுக்குப் போகிறது. தோட்டத்தைவிட்டு வெளியே போனவரின் பணம் போனாகவும் ஆட்டோவாகவும் வருகிறது. குடும்பம் தோட்டத்தில் இருப்பதால் ஆய்வில் இரண்டும் தோட்டத் துறையின் செலவாகவே பதிவாகும். ஆகவே தோட்டத் துறையின் செலவு உயர்ந்தது என்று படித்தால், தோட்டத் தொழில் உயர்ந்தது என்று பொருள் கொள்ள வேண்டாம்.

போனை ஆடம்பரக் கணக்கில் எழுதுவதும் தவறு. வெளிநாட்டில் இருக்கும் தாயோடு பேசவும், ஆட்டோக்காரருக்குச் சவாரி வரவும், 2020இல் பள்ளிகள் மூடியபோது பாடம் பெறவும் அதுதான் இருந்தது. டியூஷனும் அப்படித்தான். ஒரு தலைமுறையோடு லயத்தை விட்டு வெளியேற வேறு ஏணி இல்லாத பெற்றோர், மீனைக் குறைத்தாவது அதற்குக் காசு கொடுக்கிறார்கள். மதுவும் வெற்றிலை, புகையிலையும் தோட்டச் செலவில் நாட்டின் சராசரியைவிடக் கூடுதல் பங்கு எடுப்பது உண்மை. அதை மறைப்பதில் பயனில்லை, அதுவே எல்லாவற்றுக்கும் காரணம் என்பதிலும் நியாயமில்லை.

மலைநாட்டோடு ஒப்பிட்டால் சப்ரகமுவவுக்கு ஓர் ஆறுதல் உண்டு. இந்தத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன, பெரும்பாலும் தாழ்நிலம். பலா, ஈரப்பலா, மரவள்ளி, கீரை எல்லாம் காசில்லாமலோ சொற்பக் காசுக்கோ கிடைக்கும். காசு கொடுக்காமல் வரும் உணவும் நுகர்வுதான். ஆய்வு அதற்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்க்கிறது. 2022இல் பல அடுப்புகளைக் காப்பாற்றியது ஒரு பலாக்காய். ஆனால் லயத்தைச் சுற்றியிருக்கும் நிலம் கம்பனியுடையது. வீட்டுத் தோட்டம் எவ்வளவு போடலாம் என்பது நிர்வாகத்தின் மனதைப் பொறுத்தது.

ஏழைகளுக்கு அரசு தரும் உதவி முன்பு சமுர்த்தியாக இருந்தது, 2023 ஜூலையில் அஸ்வெசுமவாக மாறியது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா என்று தொடங்கி, 2025இல் 17,500 ஆக்கினார்கள். பட்டியலில் பெயர் வந்த வீட்டுக்கு இது பெரிய தொகை. அதேசமயம் 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 வீதமானது. வருமான வரி கட்டாத குடும்பமும் சோப்பு வாங்கும்போதெல்லாம் அரசுக்கு வரி கட்டுகிறது.

2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ஆகும் என்றும், அரசு வருகைக்காக மேலும் 200 தரும் என்றும் அறிவித்தார்கள். மொத்தம் 1,750. விலைகள் 2024க்கும் 2025க்கும் இடையே பெரிதாக ஏறவில்லை என்பதால் இது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் 2021 காசில் சுமார் 900 ரூபாதான் வருகிறது. 2021இல் வென்றெடுத்த ஆயிரத்தை நாம் இன்னும் திரும்பப் பிடிக்கவில்லை. அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும் தொழிற்சங்கங்கள் ரூபாவில் ஓர் எண்ணைக் கேட்பதோடு நிறுத்தாமல், விலைச்சுட்டெண் ஏறும்போது சம்பளமும் தானாக ஏறும்படி ஒரு பிரிவை எழுதி வாங்க வேண்டும்.