ஓர் ‘அடி’யின் பல பொருள்

பள்ளிப் பிள்ளைகளைத் திகைக்க வைக்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘பேஸ்’ என்பதும் ஒன்று. தூணைத் தாங்கும் பீடமும் பேஸ். போர்ப்படை தங்கும் தளமும் பேஸ். வேதியியல் ஆசிரியர் காரத்தை அவ்வாறு அழைக்கிறார்; கணித ஆசிரியரோ முக்கோணத்தின் அடிப்பக்கத்தை அழைக்கிறார். இழிந்த குணத்திற்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தை நகைப்பதற்கு முன், நம் வீட்டில் வழங்கும் ‘அடி’ என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

நாம் வாழ்வது சிறுமலையின் அடிவாரம். குழம்பு அடிப்பிடிக்கிறது, கரும்பின் அடி இனிக்கிறது, வீட்டிற்கு அடிக்கல் நாட்டுகிறோம். திருக்குறளின் முதலடி நாற்சீர் கொண்ட அளவடி, ஈற்றடி முச்சீர் கொண்ட சிந்தடி. புகழ்பெற்ற வாடிப்பட்டித் தப்புக் கலைஞர்கள் முழக்கும் தாள வகை ஒவ்வொன்றும் ஓர் ‘அடி’யே. தாய் மகளை அதட்டுவதும் ‘அடியே!’ என்றுதான். துறவியை ‘அடிகள்’ என உயர்த்திய சொல்லே, மனிதனை ‘அடிமை’ எனவும் தாழ்த்தியது. கடிதங்களில் ‘அடிகளார்’ என விளிக்கப்பெறும் என் போன்றோர் இவ்வுறவை மறத்தலாகாது.

இத்தகைய பல பொருள் ஒரு சொற்களைத் தொகுக்கவே, மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்த வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதியில் ‘பெயர்’ என்னும் பகுதியை வகுத்தார்.

ஆயினும் நம் வட்டார உழவரிடம், “இன்று எத்தனை அடி?” என்று கேட்டால், எதன் அடி என்று அவர் திருப்பிக் கேளார். அவருக்கு அது அணையின் நீர்மட்டம் ஒன்றே. மேற்கே ஓடிய பெரியாற்றைப் பென்னிகுக் மறித்துக் கிழக்கே திருப்பியது 1895இல். அந்நீர் வைகை அணையில் தங்கி, பேரணையில் பிரிந்து, நம் வாய்க்காலுக்கு வருகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோக நிலம் மட்டும் 45,000 ஏக்கருக்கு மேல். 1979இல் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைத்தனர். வழக்குகள் பல நடந்து, 142 அடி வரை தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று உறுதி செய்தது. இழந்த பதினாறு அடியில் ஆறு அடியை மீட்க முப்பத்தைந்து ஆண்டுகள்!

மீட்டர் கணக்கு நாட்டிற்கு வந்து நெடுங்காலமாயிற்று. எனினும் நாளிதழைப் பிரித்ததும் உழவரின் கண்கள் தேடுவது அந்த ‘அடி’யைத்தான். அது ஏறாவிடில் நாற்றுப் பாவும் நாளும் தள்ளிப்போகும்.