சுவருக்கு மரச்சட்டை!

வீட்டில் எந்தச் சுவர் முதலில் அழுக்காகிறது? கூடத்துச் சுவர்தான்! நாற்காலி இடிக்கிறது. குழந்தைகள் கிறுக்குகிறார்கள். சாய்ந்து உட்காருகிறவர்களின் எண்ணெய்த் தலை கறை போடுகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. தரையிலிருந்து 3 அடி உயரத்துக்கு மரப்பலகை அடிப்பதுதான் அது.

ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் இது பழைய வழக்கம். கல்சுவரின் குளிர் தாக்காமல் இருக்க அங்கே ஓக் பலகை அடித்தார்கள்.

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் உள்ள பாடாலூரில் அந்தக் குளிர் கிடையாது. இங்கே எதிரிகள் வேறு. ஒன்று ஓதம். மற்றொன்று கரையான்!

முதலில் சோதனை

சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா? காரை உதிர்கிறதா? அப்படியானால் பலகை வாங்காதீர்கள்! ஓதத்தைப் பலகையால் மறைக்கலாம், போக்க முடியாது. மறைவிலே மரம் உளுக்கும். கரையான் குடியேறும். போட்ட பணம் மண்ணாகும்.

சந்தேகமாக இருந்தால், 2 அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரமும் அடைத்து, 2 நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துக்கள் கண்டால் சுவரில் ஈரம் இருக்கிறது. ஒழுகும் குழாயையோ, வெளியே தேங்கும் மழைநீரையோ முதலில் சரிசெய்ய வேண்டும்.

மரம் எது?

தேக்கு நல்லது. ஆனால் வைரம் பாய்ந்த பகுதியாகப் பாருங்கள். வெளுத்த பகுதியைத் தேக்கிலும் கரையான் தின்னும்! பலகையை வாங்கியவுடன் அடிக்காமல், ஒரு வாரம் அதே அறையில் அடுக்கி வையுங்கள்.

அடிப்பது எப்படி?

ரசமட்டம் வைத்துக் கோடு போட வேண்டும். சுவரில் துளையிட்டு, பிளக் செருகி, குறுக்கே ரீப்பர் சட்டங்களைத் திருகாணியால் முடுக்க வேண்டும். சட்டத்தின் மேல்தான் பலகை வரும். பின்னால் காற்று உலாவ இடம் கிடைக்கும்.

பலகையின் ஒரு விளிம்பில் நாக்கு, அடுத்ததில் பள்ளம். நாக்கைப் பள்ளத்தில் செருக வேண்டும். ஆனால் இறுக்கக் கூடாது! ஐப்பசி மழையில் மரம் பருக்கும். சித்திரை வெயிலில் சுருங்கும். இடைவெளி இல்லாவிட்டால் பலகை புடைத்துக்கொள்ளும்.

தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி அடியுங்கள். வீடு கழுவும் தண்ணீர் படாது. பலகையின் பின்புறத்துக்கும் வார்னிஷ் தேவை.

அருகிலேயே கைத்திறன்

பாடாலூர் இருக்கும் பெரம்பலூர் மாவட்டத்தில்தான் அரும்பாவூரும் இருக்கிறது. அவ்வூர் மரச் சிற்பங்கள் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றன. மரத்தின் குணம் அறிந்த கைகள் தூரத்தில் இல்லை!

சட்டை அழகுதான். ஆனால் உடம்பில் புண்ணிருந்தால், முதலில் மருந்து, பிறகுதான் சட்டை. சுவருக்கும் அதே நியாயம்தான்!