மாசம் 26 ரூபாயை மிச்சம் பிடிச்சு ஒரு மாச சம்பளத்தை விட்ட கதை!

மாச பட்ஜெட்ல காருக்குன்னு என்னென்ன எழுதி வெச்சிருக்கீங்க? இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ். கூலன்ட்டுக்கு? நானும் எழுதினதில்லை. என்னோட முதல் செகண்ட் ஹேண்ட் கார்ல, லெவல் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணியைத்தான் ஊத்திட்டு இருந்தேன். "ஆன்டிஃப்ரீஸ்னா பனி பெய்யற ஊருக்குத்தானே, நமக்கு எதுக்கு?"ன்னு ஒரு நினைப்பு.

ஒரு மே மாசம், விழுப்புரம் தாண்டினதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போயிடுச்சு. ரேடியேட்டர்ல உப்பு அடைப்பு, ஹெட் கேஸ்கட் காலி, அலுமினிய ஹெட்டும் வளைஞ்சிருக்குன்னாங்க. பில் கிட்டத்தட்ட என் ஒரு மாச சம்பளம்! இன்சூரன்ஸ் இருக்கேன்னு போனா, வழக்கமான மோட்டார் பாலிசியில 'மெக்கானிக்கல் பிரேக்டவுன்' விலக்கு. மொத்தமும் எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்துதான் போச்சு. உங்க பாலிசியில அந்தப் பக்கத்தை இன்னைக்கே ஒருமுறை படிச்சிடுங்க.

கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் உறையாம மட்டும் காக்கிறதில்லை, கொதிநிலையையும் ஏத்துது. வெறும் தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை சுமார் 106 டிகிரியில. ரேடியேட்டர் மூடி தர்ற அழுத்தத்துல ரெண்டுமே இன்னும் மேல போகும். இதைவிட முக்கியம், துருவும் அரிப்பும் பிடிக்காம இருக்க அதுல சேர்க்கிற ரசாயனங்கள். வெறும் தண்ணியில அது கிடையாது. போர் தண்ணியில உப்பு வேற. உங்க வீட்டு ஹீட்டர் காயில்ல வெள்ளையா படியுதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்லயும் படியும்.

அதுக்காக கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊத்திடாதீங்க. வெப்பத்தை அள்ளிட்டுப் போறதுல தண்ணிதான் கெட்டி. கலக்க கேன் தண்ணி வேண்டாம், மினரல் நீக்கின பேட்டரி வாட்டர் போதும்.

இப்போ நம்ம கணக்கு. கான்சன்ட்ரேட் லிட்டர் 350, பேட்டரி வாட்டர் 25 ரூபாய்னு வெச்சுக்கோங்க. ரெண்டும் சேர்ந்தா 2 லிட்டர் கலவை 375, அதாவது லிட்டர் 187.50. ரெடி மிக்ஸ் இதைவிடக் கம்மியா கிடைச்சா அதையே வாங்குங்க. அதுல தண்ணி ஏற்கெனவே இருக்கு, மறுபடி கலக்கக் கூடாது. 5 லிட்டர் பிடிக்கிற கார், 3 வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும்னா, மாசம் 26 ரூபாய்தான்! உங்க கார்ல எத்தனை லிட்டர், எத்தனை வருஷம், எந்த வகைன்னு மேனுவல்ல இருக்கும். பச்சை, சிவப்புன்னு கலரைப் பார்த்து வாங்காதீங்க, கலருக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை.

லெவலை காலையில, இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்க. சூடா இருக்கும்போது மூடியைத் திறந்தா முகத்துல அடிக்கும். அப்புறம், மிச்ச கூலன்ட்டை குழந்தைங்க, நாய் கைக்கு எட்டாத இடத்துல வைங்க. இனிப்பா இருக்கும், ஆனா விஷம்.