தானே உருகித் தானே வார்படும் உலோகம்

கொக்கிளாய்க் கரையில் அலை வடிந்ததும் மணலில் கரிய படலங்கள் தெரியும். இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த இல்மனைற் அது. களப்பின் முகத்துவாரத்துக்குத் தெற்கே புல்மோட்டை வரை இந்த மணல் கிடக்கிறது. அங்கே 1957இல் உருவான அரச கூட்டுத்தாபனம் அதைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. உலகில் எடுக்கப்படும் டைட்டேனியக் கனிமத்தில் பெரும்பங்கு வெள்ளைப் பெயின்ற்றுக்கான நிறமியாகிறது. உலோகமாவது சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கின் கதை அற்புதமானது.

டைட்டேனியம் ஒட்சிசனை எளிதில் விடாது. கனிமத்தைக் குளோரீன் சேர்மமாக்கி, பிறகு மக்னீசியத்தால் உலோகத்தைப் பிரிக்கும் வழியை லக்சம்பேர்க் நாட்டவரான வில்ஹெல்ம் குரோல் வகுத்தார். கிடைப்பது துளைகள் நிறைந்த சாம்பல்நிறக் கட்டி. அதைப் பஞ்சு என்பார்கள். கேரளத்தின் சவறாவில் இஸ்ரோவின் நிதியுதவியோடு ஆண்டுக்கு 500 தொன் பஞ்சு செய்யும் ஆலை 2011இல் தொடங்கியது.

பஞ்சை உருக்குவதுதான் பெரும்பாடு. 1668 பாகை செல்சியசில் உருகும் டைட்டேனியம், தான் இருக்கும் மூசையையே அரித்துத் தின்னும். காற்றுப் பட்டால் ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே வெற்றிடத்தில், வெளிப்புறம் தண்ணீர் ஓடும் செப்பு மூசையில் உருக்குகிறார்கள். செம்போ 1085 பாகையிலேயே உருகிவிடும்! ஆனாலும் தாங்குகிறது: குளிர்ந்த சுவரைத் தொட்ட டைட்டேனியம் உடனே உறைந்து, உள்ளே இருக்கும் குழம்புக்குத் தானே பாத்திரமாகிவிடுகிறது.

சூடு மின்வில்லிலிருந்து வருகிறது. வேறு பொருளில் மின்வாய் வைத்தால் அதன் துணுக்கு குழம்பில் விழும். எனவே உருக்க வேண்டிய உலோகமே மின்வாய். கிளிநொச்சியில் வெல்டிங் கடையில் நின்று பார்த்தவருக்கு இது புதிதல்ல: வில் எரிய எரியக் கம்பி குறுகும். இங்கே அந்தக் கம்பி ஆளுயரத்தை விஞ்சியது, தொன் கணக்கில் எடையுள்ளது.

அதைக் கட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. விமானங்களுக்கான கலப்புலோகம் ஒன்றில் நூற்றுக்கு 6 பங்கு அலுமினியம், 4 பங்கு வனேடியம். இவற்றின் துணுக்குகளைப் பஞ்சோடு கலந்து, பெரும் அழுத்தியில் குளிர்ந்த நிலையிலேயே கட்டிகளாக அமுக்குகிறார்கள். பசை எதுவும் இல்லை. துளைகள் நசுங்கி, துண்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. வில் ஒரு நேரத்தில் மின்வாயின் அடிநுனியை மட்டுமே உருக்குவதால், ஒரு கட்டியில் குறைந்த அலுமினியத்தைத் தொலைவிலுள்ள இன்னொரு கட்டி ஈடுசெய்யாது. அதனால் ஒவ்வொரு கட்டிக்கும் தனித்தனி நிறுவை. பிறகு கட்டிகளை ஆகன் வாயுவிலோ வெற்றிடத்திலோ ஒன்றோடொன்று பற்றவைக்கிறார்கள். ஐதராபாத்தின் மிதானி போன்ற ஆலைகளில் இவ்வகை வெற்றிட வில் உலைகள் இயங்குகின்றன. முதல் உருக்கில் கிடைத்த பாளமே அடுத்த உருக்குக்கு மின்வாயாகிறது.

இத்தனை கவனமும் ஏன்? 1989 ஜூலை 19இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் ஒரு டிசி-10 விமானம் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இயந்திரத்தில் சுழலும் டைட்டேனியத் தட்டில், உலோகம் உருக்கப்பட்ட காலத்திலேயே, நைதரசன் செறிந்த நுண்ணிய கடினப் பகுதி ஒன்று தங்கியிருந்தது. அத்தகைய பகுதி டைட்டேனியத்தைவிடக் கூடிய வெப்பத்தில்தான் உருகும். ஆகவே உலையையும் தாண்டிப் பிழைத்தது. அங்கே பிறந்த விரிசல் 17 ஆண்டுகள் வளர்ந்தது. இன்று இத்தகைய சுழலும் பாகங்களுக்கான உலோகத்தை மூன்று தடவை உருக்குகிறார்கள். பஞ்சிலும் நிறம் மாறிய, கருகிய துண்டுகளைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி வீசுகிறார்கள்.